ரிவர்ஸ் எந்தப் பக்கம்?

"அண்ணி, திருடன் ரொம்ப டீசன்ட் போலிருக்கு. சுவத்த இடிச்சான், உள்ள வந்தான், சுத்திப் பாத்தான், ஒண்ணையும் தொடாம போயிட்டான். நம்ம சொந்தக்காரங்க ஒருத்தராவது இப்படி வந்துட்டுப் போயிருக்காங்களா?"

சொன்னவன் பந்தல். வாய்ப்பந்தல் என்றுதான் எல்லாரும் முதலில் பேர் வைத்தார்கள். கூப்பிட்டுக் கூப்பிட்டு வாய் தேய்ந்து, பந்தல் மட்டும் நின்றுவிட்டது. அவனுடைய அண்ணன் மனைவிக்கும் ஒரு பேர் உண்டு: துருவி. பேர் வைத்தவர்கள் பொய் சொல்லவில்லை. தேங்காய் மூடியைத் துருவியில் வைத்தால் வெள்ளை தீர்ந்து ஓடு தெரிகிறவரை விடாத மாதிரிதான் அவளும் ஒரு ஆளைக் கேள்வி கேட்பாள். துப்பறிவாளர் என்று பலகை மாட்டி அலுவலகம் நடத்துகிறாள். கொழுந்தன்காரன் உதவியாளன். சம்பளத்துக்கு வாய் பேசுகிறவர்கள் உலகத்தில் உண்டு. பந்தல் வாய் பேசுவதற்காகச் சம்பளத்தைப் பொறுத்துக்கொள்கிற ஜாதி.

இப்போது இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தது ஒரு கார் ஷெட்டுக்குள். எதிரே பின்சுவரில் ஒரு ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஓட்டை. ஓட்டைக்கு வெளியே சந்து. ஓட்டைக்கு இந்தப் பக்கம், சுவரைப் பார்த்தபடி, பளபளவென்று ஒரு பழைய கார். அதன் முன்பம்பர் மட்டும் சிரித்த மாதிரி நடுவில் உள்வாங்கியிருந்தது.

"அம்மா, இது கார் இல்ல. வரலாறு" என்றார் காரின் சொந்தக்காரர்.

"வரலாறுக்கு மூக்கு உடைஞ்சிருக்கே சார்" என்றான் பந்தல்.

அவர் அவனை முறைத்தார். பழங்கார் பிரியர் சங்கத்தின் தலைவர் அவர். சங்கத்தில் மட்டுமல்ல, வீட்டிலும் அவரைத் தலைவர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று ஏற்பாடு. காரைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரல் தழதழக்கும். பெற்ற பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டபோதுகூட அப்படித் தழதழத்ததில்லை என்று அவர் மனைவி சொல்வதாகக் கேள்வி.

துருவி காருக்குள் எட்டிப் பார்த்தாள். முன்சீட்டுகள் இரண்டுக்கும் நடுவே, டாஷ்போர்டிலிருந்து இறங்கிப் பின்பக்கம் வரை, படகு கவிழ்த்த மாதிரி ஒரு நீளப் பெட்டி. கன்சோல். மேலே கறுப்புத் தோல், ஓரத்தில் சிவப்புத் தையல். அதன் வயிற்றிலிருந்து ஒரு கியர் தடி கிளம்பி, தலையில் ஒரு வெள்ளைக் குமிழோடு கம்பீரமாக நின்றது. தடியைச் சுற்றியிருந்த தோல் உறை இன்னும் முழுசாகத் தைக்கப்படவில்லை; கழுத்தில் நூல் தொங்கியது.

"இதெல்லாம் வண்டியோட வந்ததா?" என்று கேட்டாள்.

"வண்டியோட வந்தது ஆட்டோமேட்டிக். லிவர் ஸ்டியரிங் பக்கத்துல, முன்னாடி இருந்தது. கை வச்சா தானா ஓடும். ஓட்டறவனுக்கு என்ன மரியாதை? அதான் எல்லாத்தையும் கழட்டி, மெக்கானிக்க வச்சு தரையை அறுத்து, கியர் பாக்ஸ மாத்தி, கிளட்ச் வச்சு, கன்சோல் போட்டு..."

"சங்கத்துல எல்லாம் ஒரிஜினலா இருக்கணும்னு நீங்கதான் பேசுவீங்களாமே?"

"இதுவும் ஒரிஜினல்தாம்மா. ஆரம்பத்துலயே இப்படித்தான் வந்திருக்கணும். செஞ்ச கம்பெனிக்காரன் மறந்துட்டான். நான் ஞாபகப்படுத்தியிருக்கேன், அவ்வளவுதான்."

பந்தல் வாயைத் திறந்தான். துருவி அவன் காலை மிதித்தாள். வாய் மூடிக்கொண்டது, அப்படியொரு இணைப்பு அவனுக்குள் இருந்தது.

விஷயத்துக்கு வந்தார் தலைவர். கன்சோலுக்குத் தோல் போர்த்துகிற வேலையை, கடைத்தெருவில் கார் சீட் தைக்கிற மெத்தைக்காரம்மாவிடம் கொடுத்திருந்தார். நேற்று மாலை வெளிச்சம் மங்குகிறவரை அவள் இந்த ஷெட்டில் வேலை பார்த்தாள். வேலையை நிறுத்திவிட்டுத் தலைவருக்கு ஃபோன் செய்தாள். அதன் பிறகு தலைவர் சங்கக் கூட்டத்துக்குக் கிளம்பிப் போனார். 'கியரும் மனிதனும்' என்ற தலைப்பில் பேசினார். காலையில் வந்து பார்த்தால் சுவரில் ஓட்டை.

"ஃபோன்ல என்ன சொன்னாங்க?"

"அதான் ஆதாரமே! 'வண்டிய பின்னாடி எடுத்துக்கறேன் சார்'னா. இந்த ரெண்டு காதால கேட்டேன். பின்னாடி சுவத்த இடிச்சு எடுத்துட்டுப் போறதுக்குத் திட்டம். என்கிட்டயே சொல்லியிருக்கா பாருங்க, என்ன நெஞ்சழுத்தம்!"

"திருட வர்றவ உங்ககிட்ட சொல்லிட்டா வருவா?"

"அதுதாம்மா அவளோட மூளை. சொல்லிட்டா சந்தேகம் வராதில்ல?"

"அப்ப ஏன் எடுத்துட்டுப் போகல?"

"பம்பர்ல கடப்பாறை பட்டு சத்தம் வந்திருக்கும். பயந்து ஓடியிருப்பா."

துருவி ஓட்டை வழியாகத் தலையை நீட்டினாள். செங்கல்கள் எல்லாம் சந்தில் சிதறிக் கிடந்தன. ஷெட்டுக்குள் சுண்ணாம்புத் தூள் கொஞ்சம். செங்கல் ஒன்றுகூட இல்லை. அவள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு கொழுந்தனைப் பார்த்தாள்.

"வெளியேர்ந்து கடப்பாறையால இடிச்சா செங்கல் எந்தப் பக்கம் விழும்?"

"உள்பக்கம். ஆனா இவன் டீசன்ட் திருடனாச்சே அண்ணி. வீடு அசிங்கமாயிடும்னு ஒவ்வொண்ணா வெளிய இழுத்துப் போட்டிருப்பான்."

அந்த நேரத்தில் டீ வந்தது. தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தது தலைவரம்மா. மெலிந்த உடம்பு, அழுத்தமான நடை. டம்ளர்களை நீட்டிவிட்டு, "சந்துல நடந்தா பாத்து நடங்க, செங்கல் காலைக் கிழிச்சிடும்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காருக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

"மத்தியானம் சங்கத்து ஆளுங்க வர்றாங்க" என்றார் தலைவர். "நாளைக்கு ஊர்வலம். அதுக்கு முன்னால எல்லாரும் வண்டியப் பாக்கணும்னாங்க. போலீஸுக்குப் போனா வண்டிய ஆதாரம்னு சொல்லி இழுத்துட்டுப் போயிடுவான். அதான் உங்களக் கூப்பிட்டேன். அவளை ஒத்துக்க வைங்க. இல்லேன்னா மத்தியானம் எல்லார் முன்னாலயும் அவ பேரைச் சொல்லப் போறேன். இப்பவே செயலாளர்கிட்டயும் காப்பாளர்கிட்டயும் ஃபோன்ல சொல்லியாச்சு. அப்புறம் எவன் அவ கையில கார் சாவி குடுப்பான்னு பாப்போம்!"

தலைவரம்மா காலி டம்ளர்களை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

ஸ்கூட்டரில் ஏறும்போது பந்தல் சொன்னான்: "அண்ணி, வண்டிதான் சுவத்த இடிச்சிருக்கு. யாரோ உள்ளேர்ந்து கிளப்பி முட்டியிருக்காங்க."

"முட்டினது சரி. முட்டின வண்டி எப்படிப் பழைய இடத்துக்குத் திரும்பிப் போய் நிக்குது?"

பந்தலுக்குக் கடைத்தெரு வரை பதில் கிடைக்கவில்லை. அந்த ஸ்கூட்டரில் அவ்வளவு தூரம் அவன் பேசாமல் போனது அதுவே முதல் தடவை.

மெத்தைக்காரம்மாவின் கடை வாசலில் ஒரு சீட் எலும்பும் ஸ்பிரிங்குமாகக் கிடந்தது. உள்ளே தையல் மிஷின், தோல் சுருள்கள், பஞ்சு மூட்டை. சுவரில் ஒரு பலகை. பலகை நிறைய ஆணிகள். வேலைக்கு விட்ட வண்டிகளின் சாவிகள் தொங்குகிற இடம் அது. இன்றைக்கு ஒரே ஒரு சாவிதான் தொங்கியது. அதுவும் தலைவருடையது.

"காலையிலேர்ந்து ஒவ்வொருத்தரா வந்து சாவியக் கேட்டு வாங்கிட்டுப் போயிட்டாங்க" என்றாள் மெத்தைக்காரம்மா. தடித்த கண்ணாடி, காதில் சாக்குக்கட்டி. குரல் நடுங்கவில்லை, கைதான் கத்தரிக்கோலைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. "சங்கத்துச் செயலாளர் வந்தார். 'தப்பா நினைக்காதீங்கம்மா, வீட்டுல ஒரு அவசரம்'னார். அவர் வண்டியில சீட்டே இல்ல, சீட்டு இங்க கிடக்கு. தரையில உக்காந்து ஓட்டிட்டுப் போகச் சொல்லித் தன் டிரைவர்கிட்ட சாவியக் குடுத்தார்னா பாத்துக்கங்க, என்ன அவசரம்னு."

"டிரைவருக்கு முதுகு போயிருக்கும்" என்றான் பந்தல்.

"எனக்குத் தொழிலே போயிடும் தம்பி. ஜனங்க என்னைய நம்பி சாவியக் குடுக்கறாங்க. தோலும் நூலும் எந்தக் கடையிலயும் கிடைக்கும். சாவிய நம்பிக் குடுக்கற கடைக்குத்தான் ஆள் வருது."

துருவி ஒரு பஞ்சு மூட்டைமேல் உட்கார்ந்தாள். "பின்னாடி எடுத்துக்கறேன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன். பசை காயணும். காயாம வண்டிய நகர்த்தினா தோல் சுருங்கிடும். இப்ப வேண்டாம், பின்னாடி எடுத்துக்கறேன்னேன். பின்னாடின்னா அப்புறம்னு அர்த்தம் இல்லையா? இத்தனை வருஷமா நான் அப்படித்தான் பேசறேன்!"

பந்தல் தலையில் அடித்துக்கொண்டான். "அடக் கடவுளே. நல்லவேளை, 'மேல பேசிக்கலாம்'னு சொல்லல. மொட்டை மாடிக்கு போலீஸ அனுப்பியிருப்பார்."

துருவி சிரிக்கவில்லை. "அந்தக் கியர் தடி மேல ஒரு வெள்ளைக் குமிழ் இருந்ததே. தலைவரோடதா?"

"ஐயோ, அது என்னுது. கியர் உறை தைக்கணும்னா அதோட கழுத்து அளவு பாக்கணும். தலையில நாப் இருந்தாத்தான் உறை எங்க நிக்கும்னு தெரியும். சாரோட நாப் இன்னும் பார்சல்ல வரல. சரின்னு என் டப்பாவுல கிடந்த ஒண்ண எடுத்துத் திருகி விட்டேன். அளவுக்கு மட்டும்தான். பொருத்தமில்லாத நாப் அது."

"பொருத்தமில்லேன்னா?"

மெத்தைக்காரம்மா காதிலிருந்த சாக்குக்கட்டியை எடுத்து, ஒரு தோல் துண்டின்மேல் கோடு போட்டாள். "அது மூணு கியர் வண்டியோட நாப். அதுல ரிவர்ஸ் இடது பக்கம் மேல இருக்கும். நாப் மேல கியர் படமும் அப்படித்தான் போட்டிருக்கு. சாரோட புது பாக்ஸ் நாலு கியர். அதுல இடது பக்கம் மேல தள்ளினா முதல் கியர். ரிவர்ஸ் வலது கோடியில, கீழ."

துருவி தோல் துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது யார் யாருக்குத் தெரியும்?"

"பாக்ஸ் மாட்டின மெக்கானிக்குக்குத் தெரியும். எனக்குத் தெரியும். வேற யார் ஓட்டப் போறாங்கன்னு விட்டுட்டேன்."

"மெக்கானிக் நேத்து எங்க இருந்தார்?"

"சாரோட கூட்டத்துல. கழட்டின பழைய பாக்ஸத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு மேடையில நின்னுக்கிட்டிருந்தாராம், பாவம். சார் பேசி முடிக்கறவரைக்கும் கீழ வைக்க விடலையாம்."

துருவி எழுந்தாள். அவள் முகத்தில் ஓடு தெரிந்துவிட்ட களை. "கிளம்புங்கம்மா. நீங்களும் வரணும்."

"நானா? அந்த வீட்டுக்கா?"

"திருடி இல்லேன்னா ஏன் பயப்படணும்? அந்தச் சாவியையும் எடுத்துக்கங்க. பந்தல், நீ நடந்து வா. ஸ்கூட்டர்ல மூணு பேர் போனா சட்ட விரோதம்."

"சட்டம் எனக்கு மட்டும்தானா?" என்று முணுமுணுத்துக்கொண்டே ஓடினான் அவன்.

ஓட ஓட மூளை வேலை செய்தது. தலைவர் வீட்டு வாசலை அடைந்தபோது மூச்சு முட்டியது; கூடவே வழக்கும் முடிந்துவிட்டிருந்தது, அவனைப் பொறுத்தவரை. ஷெட்டுக்குள் அண்ணி, மெத்தைக்காரம்மா, தலைவர், தலைவரம்மா நாலு பேரும் நின்றார்கள். பந்தல் நேராகப் போய்த் தலைவருக்கு முன்னால் விரலை நீட்டினான்.

"திருடன் நீங்கதான் சார்!"

"என்னது?"

"நேத்து சாயங்காலம். அந்தம்மா போயாச்சு. கூட்டத்துக்கு இன்னும் நேரம் இருக்கு. நாளைக்கு ஊர்வலம், கொஞ்சம் ஓட்டிப் பாக்கலாம்னு ஏறினீங்க. ஷெட்டுலேர்ந்து வெளிய வர பின்னாடி போகணும். நாப்ல ரிவர்ஸ் இடது மேலன்னு போட்டிருந்தது. நம்பித் தள்ளினீங்க. அது முதல் கியர். வண்டி முன்னாடி பாஞ்சு சுவத்துக்குள்ள போயிடுச்சு. நம்ம மானம் போயிடுமேன்னு வண்டியத் திரும்ப நிறுத்திட்டு, பழியத் தூக்கி இந்தம்மா மேல போட்டீங்க. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!"

சொல்லி முடித்து அண்ணியைப் பார்த்தான். பாராட்டு வரவில்லை. துருவி தலைவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், தம்பி சொல்றது சரியா தப்பான்னு ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிடும். ஏறி உக்காருங்க. வண்டியக் கொஞ்சம் வெளிய எடுங்க."

தலைவரின் முகத்தில் வியர்வை முளைத்தது. "இப்பவா? பசை காயல..."

"காஞ்சாச்சு சார்" என்றாள் மெத்தைக்காரம்மா, சாவியை நீட்டி.

ஏறினார். உட்கார்ந்தார். ஸ்டியரிங்கைத் தடவினார். கை, பழைய லிவர் இருந்த இடத்தில் காற்றைப் பிடித்துக் கீழே இழுத்தது; ஒன்றும் கிடைக்காமல் மடியில் விழுந்தது. பிறகு குனிந்து காலடியில் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கடைசியில் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, யாருக்கும் கேட்காத குரலில் துருவியைக் கேட்டார்:

"இந்த மூணாவது பெடல் எதுக்கு?"

ஷெட்டில் எல்லாருக்கும் கேட்டுவிட்டது.

"கிளட்ச் சார்" என்றாள் துருவி.

"அது தெரியும்! இடது கால்லயா வலது கால்லயான்னு கேட்டேன்." கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். "ஆமாம்மா. எனக்குக் கியர் வண்டி ஓட்டத் தெரியாது. போதுமா? சாவி போட்டு ஸ்டார்ட் பண்ணக்கூட இதுல எனக்குத் தெரியாது. நான் எப்படி முட்டியிருப்பேன்?"

பந்தலின் நீட்டிய விரல் மெல்ல மடங்கி, காதைச் சொறிந்துகொண்டது. ஒரு மனிதன் தன்னை நிரபராதி என்று நிரூபித்துவிட்டு இவ்வளவு அவமானப்பட்டு அவன் பார்த்ததில்லை.

"கியரும் மனிதனும்னு பேசினீங்களே சார்?"

"மனிதனைப் பத்தித்தான் அதிகம் பேசினேன்."

துருவி அதற்குள் காரைச் சுற்றிக்கொண்டு போய், அதன் மூக்குக்கும் உடைந்த சுவருக்கும் நடுவே நின்றுவிட்டாள். பம்பர் அவள் முழங்காலைத் தொட்டது. அங்கிருந்தே, கடைக்குப் போகிற வழியில் பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒரு உதவி கேட்கிற குரலில் சொன்னாள்:

"நான் இந்த பம்பரைக் கொஞ்சம் பாக்கணும். வண்டி ஒரு அடி பின்னாடி போனா நல்லாருக்கும். தலைவரம்மா, நீங்க எடுக்கறீங்களா?"

"அவளா?" என்றார் தலைவர். "அவளுக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்? துடைக்க மட்டும்தான் தெரியும்."

அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் தலைவரம்மா 'எனக்குத் தெரியாதும்மா' என்று சொல்லி நகர்ந்திருப்பாளோ என்னவோ. அவள் கணவனை ஒரு தடவை பார்த்தாள். "தள்ளுங்க" என்றாள். புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

பந்தல் பாய்ந்து முன்னால் வந்தான். "அண்ணி, அந்தப் பொய் நாப் இன்னும் அதுலயே இருக்கு! இவங்க அதப் பாத்துத் தள்ளினா வண்டி முன்னாடி வரும். நீங்க சட்னி! அண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"வாய மூடு" என்றாள் துருவி. நகரவில்லை.

எஞ்சின் உறுமியது. தலைவரம்மாவின் இடது கால் அழுந்தியது. கை குமிழின்மேல் விழுந்தது. கண் குமிழைப் பார்க்கவேயில்லை. கண்ணாடி வழியாக, எதிரே நிற்கிற பெண்பிள்ளையைப் பார்த்தது. கை ஒரு நொடி தயங்கியது. பிறகு வலது கோடிக்குப் போய்க் கீழே இறங்கியது. வண்டி, தூங்குகிற குழந்தையைத் தொட்டிலோடு நகர்த்துகிற மாதிரி, அலுங்காமல் பின்னால் போய் நின்றது.

துருவி மூச்சு விட்டாள். அவளும் அதுவரை விடவில்லை என்பது அப்போதுதான் பந்தலுக்குத் தெரிந்தது.

"ரொம்ப நல்லா ஓட்டறீங்கம்மா" என்றாள். "ஆனா ஒரு சந்தேகம். நாப்ல ரிவர்ஸ் இடது மேலன்னு படம் போட்டிருக்கு. புதுசா ஏறுற எவரும் அதை நம்பித்தான் தள்ளுவாங்க. அது பொய்னு இந்தம்மாவுக்குத் தெரியும், மெக்கானிக்குக்குத் தெரியும், கடையிலேர்ந்து வந்த எங்க ரெண்டு பேருக்கும் தெரியும். தம்பி கத்தினது உங்க காதுலயும் விழுந்திருக்கும், அது இருக்கட்டும். அவன் பொய்னுதான் கத்தினான், வலது கீழன்னு யாரும் உங்களுக்குச் சொல்லல. எங்களத் தவிர, அது சுவத்துல முட்டினவங்களுக்கு மட்டும்தான் தெரியும்."

தலைவரம்மா எஞ்சினை அணைத்தாள். இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே பேசினாள்.

"கல்யாணத்துக்கு முன்னால எங்க அண்ணனோட சரக்கு வேன நான்தான் ஓட்டுவேன். இங்க வந்தப்புறம் இந்த வண்டி ஆட்டோமேட்டிக். எனக்கு அது மேல ஆசையே வரல. தண்ணிக் குழாயத் திருகற மாதிரி, அதுல ஓட்டறதுக்கு என்ன இருக்கு? நேத்து துடைக்க வந்தேன். இந்தக் கியர் தடி நின்னுச்சு. கை அரிச்சது. இவரும் கூட்டத்துக்குப் போயிட்டாரு. வீட்டுல இருந்த இன்னொரு சாவிய எடுத்தேன். வாசல் வரைக்கும் எடுத்துட்டுத் திரும்ப விடலாம்னுதான்... தள்ளினேன். முன்னாடி போயிடுச்சு. எது ரிவர்ஸுன்னு ஒவ்வொரு மூலையா தேடி, பழைய இடத்துல கொண்டு வந்து நிறுத்தினேன்."

தலைவர் வாயைத் திறந்தார்.

மெத்தைக்காரம்மாதான் முதலில் பேசினாள். "அப்ப காலையில இங்கதானம்மா இருந்தீங்க? இவர் என் பேரச் சொல்லி ஊர் பூரா ஃபோன் பண்ணும்போது கேட்டுக்கிட்டுத்தான இருந்தீங்க? நீங்க டீ ஆத்திக்கிட்டு நின்னீங்க, அங்க என் கடையில ஆணியெல்லாம் காலியாச்சு."

தலைவரம்மாவால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "கடைசி நேரத்துல சொல்லிடலாம்னு இருந்தேன். ஒவ்வொரு தடவையும் வாய் வரைக்கும் வந்தது. என்ன சொன்னாலும் தப்புதான்."

"தப்புதான்" என்றாள் மெத்தைக்காரம்மா. சமாதானம் சொல்லவில்லை.

தலைவர் குறுக்கே புகுந்தார். "சரி, சரி, விடுங்க. வீட்டு விஷயம் வீட்டுக்குள்ளயே முடிஞ்சிடட்டும். நான் யார் பேரையும் சொல்லல. திருடனே இல்லன்னு ஆக்கிடறேன். நீங்களும் யாரும் வாயத் திறக்காதீங்க."

அதற்குள் வாசலில் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவு சாத்துகிற சத்தம். சங்கத்தார் வந்துவிட்டார்கள். விதவிதமான தொப்பிகள், தோல் கையுறைகள், ஓட்டும்போது போடுகிற கண்ணாடிகள். எல்லாரும் பின்சீட்டிலிருந்து இறங்கினார்கள். ஷெட்டுக்குள் நுழைந்ததும் எல்லார் கண்ணும் சுவருக்குப் போனது.

"இது..." என்றார் செயலாளர்.

"காத்தோட்டம்" என்றார் தலைவர், கண் சிமிட்டாமல். "அந்தக் காலத்து ஷெட்டுல எல்லாம் இப்படித்தான் விடுவாங்க. எஞ்சின் மூச்சு விடணுமில்ல? நானே ஏற்பாடு பண்ணினேன்."

சங்கத்தார் தலையாட்டினார்கள். ஒருவர் ஓட்டையை ஃபோட்டோ எடுத்தார். இன்னொருவர் அகலத்தை முழம் போட்டு அளந்தார். "விளிம்ப ஒழுங்கு பண்ணாம விட்டிருக்கார் பாரு, அதுதான் ரசனை" என்று மூன்றாமவர் பக்கத்தில் கிசுகிசுத்தார். பந்தல் அண்ணியின் தோளைப் பிடித்துக்கொண்டான், இல்லாவிட்டால் விழுந்திருப்பான்.

செயலாளர் மட்டும் மெத்தைக்காரம்மாவைப் பார்த்துவிட்டார். "தலைவரே, காலையில ஃபோன்ல வேற மாதிரி சொன்னீங்களே. இந்தம்மாதான் வண்டியத் திருட..."

எல்லாத் தலையும் திரும்பியது. தலைவர் ஓட்டையைப் பார்த்தார், காரைப் பார்த்தார், தன் செருப்பைப் பார்த்தார். "அது... விசாரணையில இருக்கு" என்றார்.

மெத்தைக்காரம்மாவின் முகம் சுண்டிப்போனது. காருக்குள்ளிருந்து கதவு திறந்தது.

"விசாரணை முடிஞ்சிடுச்சு" என்றாள் தலைவரம்மா. இறங்கி எல்லாருக்கும் நடுவே வந்து நின்றாள். "சுவத்த இடிச்சது நான். வண்டிய ஓட்டினதும் நான். அந்தம்மா வேலைய முடிச்சுட்டு ஒழுங்கா வீட்டுக்குப் போனாங்க. முதல் கியர ரிவர்ஸ்னு நினைச்சுத் தள்ளிட்டேன். அவ்வளவுதான் நடந்தது."

சங்கத்தார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செயலாளர் தொப்பியைக் கழற்றினார். வாசலில் நின்ற தன் டிரைவரை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா, தப்பா நினைக்கலேன்னா ஒண்ணு கேக்கலாமா? அந்த முதல் கியருக்கும் ரிவர்ஸுக்கும்... மொத்தத்துல அதுல எத்தனை இருக்கு?"

"யோவ்!" என்றார் தலைவர். "உனக்குமா?"

செயலாளர் தொப்பியைத் தூசி தட்டினார். கையுறை போட்டவர்கள் கையுறையைச் சரி செய்தார்கள். கண்ணாடி போட்டவர்கள் கண்ணாடியைத் துடைத்தார்கள். தலைவரின் முகத்தில், காலையிலிருந்து முதல் தடவையாக, ஒரு நிம்மதி பரவியது.

"மெத்தைக்காரம்மா" என்று செயலாளர் பல்லைக் காட்டிக்கொண்டு சாவியை நீட்டினார். "வீட்டு அவசரம் தீந்துடுச்சு. சீட்டு உங்ககிட்டதான இருக்கு. அப்படியே எனக்கும் இந்த மாதிரி ஒரு கன்சோல்..."

அவள் கையை நீட்டவில்லை. ஷெட் ஓரத்தில் கிடந்த ஒரு டயரின்மேல் நிதானமாக உட்கார்ந்தாள்.

"சாவி இருக்கட்டும் சார். காலையில என்னைப் பத்தி யார் யாருக்கு ஃபோன் போச்சோ, அத்தனை பேருக்கும் இப்ப திரும்பப் போகணும். நடந்தது நடந்தபடி. நான் இங்கதான் இருக்கேன்."

தலைவர் துருவியைப் பார்த்தார். துருவி சுவரைப் பார்த்தாள். மனைவியைப் பார்த்தார். அவள் அவருடைய ஃபோனை எடுத்து அவர் கையிலேயே வைத்தாள். வேறு வழியில்லாமல், முதல் எண்ணாகச் சங்கத்தின் காப்பாளருக்குப் போட்டார். காப்பாளர் ரொம்ப வயசானவர், காது மந்தம்.

"ஐயா, நான்தான்... காலையில சொன்னேனே, அது தப்பு. அந்தம்மா திருடல... திருடலன்னேன்! சுத்தமான மனுஷி... இடிச்சது எங்க வீட்டம்மா... ஆமா, அவங்கதான் ஓட்டினாங்க... ஏன் நான் ஓட்டலயா? இல்லைங்க, எனக்கு வந்து... கேக்கலையா?"

வாசலில் நின்றிருந்த டிரைவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். தலைவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, சந்து அதிரக் கத்தினார்:

"எனக்கு ஓட்டத் தெரியாதுங்கய்யா!"